கோழி இல்லாத வளவு

ஸ்காபரோ, ரொறன்ரோ
ஆவணி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் அம்மாவும் சுகம் என்று நம்புகிறேன். போன ஞாயிறு வட்ஸ்அப்பில் கதைத்தபோது, "இவ்வளவு பெரிய பின்வளவை வைத்துக்கொண்டு கடையில் முட்டை வாங்குகிறாயே, நாலு கோழி வளர்த்தால் என்ன?" என்று கேட்டீர்கள். நான் சிரித்துச் சமாளித்தேன். பின்னாலிருந்து அம்மா "அவனுக்கு எப்பவும் சோம்பல்தான்" என்றதும் எனக்குக் கேட்டது. சோம்பல் இல்லை என்பதை எழுத்தில் தந்துவிடுவோம் என்றுதான் உட்கார்ந்தேன். அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

இங்கே கோழி வளர்க்கத் தடை, அக்கா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ரொறன்ரோ மாநகர விதிகளில் 349ஆம் அத்தியாயம் மிருகங்களைப் பற்றியது. வளர்க்கக்கூடாதவை என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. யானை, புலி, முதலை, தீக்கோழி எல்லாம் அதில் உண்டு. ஆடு, மாடு, பன்றி, வாத்து உண்டு. அவற்றோடு சேர்த்து, நம் அடுப்படி வாசலில் நின்று குருணல் கேட்கும் கோழியும் உண்டு. யானையையும் கோழியையும் ஒரே தாளில் எழுதியவர் நம் திருகோணமலைக்கு, தம்பலகாமத்துப் பக்கம் வந்து ஓர் இரவு வயல் காவல் இருந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விடிவதற்குள் விளங்கியிருக்கும்.

நடுவில் ஒருமுறை வாசலைக் கொஞ்சம் திறந்தும் பார்த்தார்கள். 2018இல், நகரத்தின் நாலு வட்டாரங்களில் மட்டும், ஒரு வீட்டுக்கு 4 பேட்டுக்கோழி வரை வைத்திருக்கலாம் என்று ஒரு பரீட்சார்த்தத் திட்டம் தொடங்கினார்கள். சேவல் கூடாது. முட்டை விற்கக்கூடாது. பதிவு செய்ய வேண்டும். அதையும் 2023இல் நிறுத்திவிட்டார்கள். பறவைக் காய்ச்சல் பயமும் அதற்கு ஒரு காரணம். ஆனால் இதே கனடாவில் வன்கூவர் நகரம் 2010இலிருந்தே 4 கோழிக்கு இடம் கொடுத்திருக்கிறது. ஊருக்கு ஊர் சட்டம் வேறு.

இங்கிருந்து கொஞ்சம் தள்ளி, வேறொரு நகரத்தில் இருக்கும் என் சிநேகிதன் ஒருவன் சத்தமில்லாமல் மூன்று கோழி வளர்த்தான். கோழிகளும் சத்தமில்லாமல்தான் இருந்தன. இவன்தான் முட்டையைப் படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்பினான். பிறகென்ன, யாரோ முறைப்பாடு செய்து, இரண்டு வாரத்துக்குள் ஒரு பண்ணைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதாயிற்று. அவனுடைய மகள் மூன்று நாள் சாப்பிடவில்லையாம்.

தேன்கூடும் அப்படித்தான். வீட்டுக் காணியின் எல்லையிலிருந்து 30 மீற்றர் தள்ளி வைக்க வேண்டும் என்கிறது ஒன்ராறியோ மாகாணச் சட்டம். எங்கள் வளவு இந்தப் பக்கம் நின்று எறிந்தால் அந்தப் பக்கம் பந்து போய் விழும் அளவு. தேனீ வளர்ப்பதென்றால் பக்கத்து வீட்டுக்காரரின் படுக்கையறையில்தான் வைக்கலாம்.

ஏன் இப்படி என்று வந்த புதிதில் எனக்கும் விளங்கவில்லை. இதற்கெல்லாம் பின்னால் இருக்கும் நினைப்பு 'ஸோனிங்' என்ற சங்கதியில் தெரிகிறது. நகரத்து வரைபடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எழுத்துக் குறி போட்டு, இன்ன துண்டில் இன்னதுதான் செய்யலாம், இன்ன உயரத்துக்குத்தான் கட்டலாம் என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்காபரோ முன்பு தனி நகரம். 1998இல் ஆறு சபைகளை ஒன்றாக்கிப் பெரிய ரொறன்ரோ ஆக்கினார்கள். அதன் பிறகு நகரம் முழுவதற்கும் பொதுவாக 2013இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். 569-2013 என்று அதற்கு இலக்கம். எங்கள் தெருவுக்கு 'ஆர்.டி.' என்று குறி. தனி வீடுகள் உள்ள குடியிருப்பு. குடியிருப்பு என்றால் குடியிருக்க. பயிர் பண்ணைக்கு, கோழி பண்ணைக்கு. மனிதன் ஓரிடத்தில் தூங்கி, வேறோரிடத்தில் வேலை செய்து, மூன்றாவது இடத்தில் சாமான் வாங்க வேண்டும் என்பதுதான் அடிப்படை நினைப்பு. காணி உறுதி என் பெயரில்தான். அதில் எதைச் செய்யலாம் என்பது மட்டும் என் கையில் இல்லை.

முன்னொரு காலத்தில் இங்கேயும் நம்மூர் மாதிரித்தான் இருந்திருக்கிறது. நகர நடுவில் 'கபேஜ்டவுன்' என்று ஒரு பகுதி. அயர்லாந்திலிருந்து வந்த ஏழைச் சனங்கள் வீட்டு முற்றத்தில் கோவா, அதாவது 'கபேஜ்', நட்டதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். இன்றைக்கு அங்கே வீடு வாங்க நம்மால் முடியாது.

அக்கா, 'ஸோன்' என்ற சொல்லை முதலில் கேட்டபோது என் வயிற்றில் ஒரு பிசைவு வந்தது. நமக்கு வலயம் என்றால் ஒன்றுதானே தெரியும்? சம்பூர் பெரியம்மா 2006 சண்டையில் உடுத்த துணியோடு ஓடிவந்து, கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டிலுக்குள் கிடந்தபோது, அவருடைய வளவும் தென்னையும் இராணுவத்தின் 'உயர் பாதுகாப்பு வலயம்' என்ற சொல்லுக்குள் போய்விட்டன. பிறகு அனல்மின் நிலையத்துக்கு என்றார்கள், முதலீட்டுக்கு என்றார்கள். 2015இலும் 2016இலும் சனங்கள் திரும்பிப் போனபோது, பெரியம்மா வேலியைத் தேடவில்லை, கிணற்றைத்தான் தேடினார் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆகவே நகரசபை வரைபடத்தில் என் வீட்டின்மேல் ஒரு நிறத்தையும் எழுத்தையும் பார்த்தபோது, இது எப்போது என்னை எழுப்பும் என்றுதான் யோசித்தேன்.

அது வேறு, இது வேறு என்று பிறகு விளங்கியது. இங்கே விதியை மாற்றுவதென்றால் அறிவித்தல் கொடுக்க வேண்டும், கூட்டம் வைக்க வேண்டும், நானும் போய் எழுந்து நின்று பேசலாம். ஆனால் முழுக்க வேறு என்றும் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம் வடகிழக்காகக் காரில் போனால் பிக்கரிங் பக்கம். 1972இல் மத்திய அரசு அங்கே விமான நிலையம் கட்டப்போகிறோம் என்று 18,600 ஏக்கரைச் சுவீகரித்தது. முதல்தர விளைநிலம். தலைமுறையாக உழுதவர்கள் காசு வாங்கிக்கொண்டு போனார்கள், சிலர் தங்கள் சொந்த வீட்டிலேயே அரசுக்கு வாடகை கொடுத்து இருந்தார்கள். விமான நிலையம் மட்டும் வரவேயில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் இழுத்தடித்து, இந்த வருடம் தை மாதம்தான் அங்கே கட்டமாட்டோம் என்று அறிவித்தார்கள். அந்தக் காணியில் ஒரு பகுதி இப்போது ரூஜ் தேசிய நகரப் பூங்காவோடு சேர்ந்திருக்கிறது. பூங்காவுக்குள்ளேயே இன்றும் குத்தகைக்குச் சோளம் விதைக்கிறார்கள். போன மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த வழியாகப் போனேன். காரை நிறுத்திவிட்டு ஒரு பழைய வளவைப் பார்த்தேன். வீடு இல்லை. வாசலில் வைத்த மரம் மட்டும் ஓங்கி நிற்கிறது. பெரியம்மாவைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் போல இருந்தது.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். கோழிக்குத்தான் தடை, கீரைக்கு இல்லை. முற்றத்துப் புல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரக்கூடாது என்று ஒரு விதி உண்டு. ஆனால் பின்வளவில் மரக்கறி எவ்வளவும் போடலாம். வைகாசி நடுவில் கடைசிப் பனி போன பிறகுதான் மண்ணில் கை வைக்கிறோம், புரட்டாதி முடிவில் குளிர் வந்து எல்லாவற்றையும் கருக்கிவிடும். இந்த நாலு மாதத்துக்குள் கத்தரி, மிளகாய், வெண்டி, பயற்றை, பாகல். பாகலுக்குப் பந்தல் போட்டேன். பக்கத்து வீட்டு இத்தாலிக் கிழவர் வேலியால் எட்டிப் பார்த்து, இது என்ன பந்தல், முந்திரிகைக் கொடியா என்று கேட்டார். ஒரு பாகற்காய் கொடுத்தேன். அதன் பிறகு இரண்டு நாள் அவர் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு பை தக்காளி கொண்டுவந்து தந்தார். முருங்கையும் கறிவேப்பிலையும் சாடியில். ஐப்பசியில் அவையும் எங்களோடு வீட்டுக்குள் குடிவந்துவிடும்.

வளவு இல்லாதவர்களுக்கு நகரசபை வருட வாடகைக்குத் தோட்டத் துண்டு கொடுக்கிறது. ஸ்காபரோவுக்குக் குறுக்கே உயர் அழுத்த மின்கம்பிகள் போகும் நீளமான வெளி இருக்கிறது. 'மெடோவே' என்று 16 கிலோமீற்றருக்குப் பசும்பாதை ஆக்குகிறார்கள். கம்பிக்குக் கீழே வீடு கட்ட முடியாது, மரம் உயர விடமாட்டார்கள். எதற்கும் உதவாத வலயம்தான் கத்தரிக்கு உதவுகிறது. அங்கே துண்டு வைத்திருக்கும் மூதூர் ஐயா ஒருவருக்குச் சனிக்கிழமைகளில் தண்ணீர் ஊற்ற உதவுகிறேன். கூலி ஒரு பிடி பயற்றங்காய். அவருக்கு முயல் தொல்லை. நம்மூரில் கோட்டைப் பக்கத்து மான்கள் ரோட்டில் இறங்கி வேலியைத் தாண்டி அம்மாவின் செவ்வரத்தையைத் தின்னும் கதையைச் சொன்னேன். நகரத்து நடுவில் புள்ளிமானா என்று பக்கத்துத் துண்டு வெள்ளைக்காரி நம்பவில்லை. படம் எடுத்து அனுப்புங்கள்.

முட்டை மட்டும் கடையில்தான். பண்ணைக்காரர்கூடத் தரம் பிரிக்காத முட்டையைத் தன் பண்ணை வாசலில்தான் விற்கலாம், சந்தைக்குக் கொண்டுவரக்கூடாது. நீங்கள் வேலியால் கையை நீட்டி அடுத்த வீட்டு மாமிக்கு ஐந்து முட்டை கொடுத்து, அவர் திருப்பி நிலாவெளிச் சின்ன வெங்காயம் ஒரு சுளகு தருவதை இங்கே எந்த எழுத்துக் குறிக்குள் போடுவார்கள் என்று தெரியவில்லை.

இதுவரை எழுதியதைப் பார்த்தால் சட்டத்தைத் திட்டுவதற்கே எழுதியது போல இருக்கும். அப்படி இல்லை, அக்கா. நீங்கள் போகிற போக்கில் சொன்ன விசயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. கண்டி வீதிப் பக்கத்து வயலுக்குத் தரகர் ஒருவர் வந்தாராம், கிரவல் மண் போட்டு நிரப்பி, வீட்டுக் காணியாகப் பேர்ச் கணக்கில் துண்டு போட்டு விற்கலாம் என்றாராம், அத்தான் யோசிக்கிறாராம்.

இங்கே ரொறன்ரோவைச் சுற்றி 2005இல் 'கிரீன்பெல்ட்' என்று ஏறத்தாழ 20 இலட்சம் ஏக்கருக்கு வேலி போட்டார்கள். கம்பி வேலி அல்ல, சட்ட வேலி. வயலும் காடும் வீட்டுத் திட்டமாக மாறக்கூடாது என்று. 2022இல் மாகாண அரசு அதிலிருந்து 7,400 ஏக்கரை வெளியே எடுத்து வீடு கட்ட விடப் பார்த்தது. சனங்கள் விடவில்லை. கேள்விமேல் கேள்வி வந்து, அடுத்த வருடமே முதல்வர் டக் ஃபோர்ட் மன்னிப்புக் கேட்டு எல்லாவற்றையும் திருப்பிப் போட்டார். என் கோழியைத் தடுப்பது போன்ற ஒரு விதிதான் அந்த வயல்களைக் காப்பாற்றுகிறது. அதனால் முழு மனதோடு திட்டவும் முடியவில்லை.

நம் நாட்டிலும் வேலி உண்டு. கமநல அபிவிருத்திச் சட்டம், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கம். நெற்காணியை நிரப்புவதற்கோ வேறு தேவைக்கு எடுப்பதற்கோ கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும். தரகர் அதைச் சொல்லியிருக்கமாட்டார். முற்பணம் எதையும் கையில் வாங்குவதற்கு முன் அத்தானைக் கமநல சேவை நிலையத்துக்கு ஒரு நடை போய்க் கேட்கச் சொல்லுங்கள். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் வயல். ஒரு துண்டை மேடாக்கினால் அடுத்தவன் வாய்க்காலும் போய்விடும். காசுதான் அவசரம் என்றால் என்னிடம் கேளுங்கள். என்னால் முடிந்ததை மாதாமாதம் அனுப்புகிறேன். அத்தானுக்கு இது கோபம் வரும்படி இருந்தால், இந்தப் பத்தியை மட்டும் அவருக்கு வாசிக்காதீர்கள். நானே போனில் கதைக்கிறேன்.

சிறுபோக வெட்டு முடிந்ததா? விதை எதுவும் தபாலில் போடாதீர்கள். வெளிநாட்டு விதைக்கு இங்கே தனிக் கட்டுப்பாடு.

அடை வைத்த சிவப்புக் கோழி எத்தனை குஞ்சு பொரித்தது என்று அம்மாவையே அடுத்த ஞாயிறு சொல்லச் சொல்லுங்கள். கூட்டுப் பக்கம் போனைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பிள்ளைகளும் பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
தம்பி