வசந்திக்கு ஒரு கடிதம்

அன்புள்ள வசந்தி,

தையிலிருந்து உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கோபம் இருக்கும், திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான்.

ஐப்பசியில் எனக்கு டெங்கு வந்தது நினைவிருக்கிறதா? காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது. பொங்கல் முடிந்ததும் முடி கொட்ட ஆரம்பித்தது பார், கொத்துக் கொத்தாக! குளித்து முடிப்பதற்குள் சல்லடை அடைத்துக்கொண்டு தண்ணீர் காலடியில் தேங்கும். ஒரு நாள் குளியலறையிலேயே உட்கார்ந்து அழுதேன். போர்வெல் தண்ணீர்தான் காரணம் என்றார் இவர். அத்தை கரிசலாங்கண்ணி போட்டு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். நான் மூன்று ஷாம்பு மாற்றினேன்.

தோல் டாக்டர் எண்ணெயைப் பற்றியே கேட்கவில்லை. "மூணு மாசத்துக்கு முன்னாடி உடம்புக்கு என்ன வந்தது?" என்றார். தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. நூற்றுக்குப் பத்து எப்போதும் வளராமல் ஓய்வில் இருக்குமாம். தினம் 50 முதல் 100 வரை உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். கடும் காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், பட்டினி டயட் என்று எது வந்தாலும் ஏராளமான முடி ஒரேயடியாக ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டுவதுண்டாம். அதற்குள் காய்ச்சலையே மறந்துவிடுகிறோம், தண்ணீர் மேல் பழி போடுகிறோம். வேர் சாகவில்லை, திரும்ப முளைக்கும் என்றார். ரத்தம் பார்த்ததில் ஃபெரிட்டின், அதாவது உடம்பில் சேமிப்பாக உள்ள இரும்புச்சத்தின் அளவு, 11தான், குறைவு. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன். அதோடு டீ மட்டும் கூடாதாம்.

இனிதான் விஷயம். சுமதி மகள் கல்யாண போட்டோவில் உன் வகிட்டைப் பார்த்தேன். ஹாஸ்டல் மொட்டைமாடியில் துணி காயப்போட உன் பின்னல் போதும் என்போமே, அந்தத் தலையா இது? எனக்குக் கொட்டியது தலை முழுக்க. உனக்கு வகிடு மட்டும் அகலமாகியிருக்கிறது. அது பரம்பரையாகவும் இருக்கலாம். ஆனால் எப்போதும் அசதி, மார்கழி போலக் குளிருகிறது, எடை ஏறுகிறது என்று நீயே எழுதியிருந்தாய். வயசு என்று தள்ளாதேடி. தைராய்டு பார். தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், மூன்றும் ஒரே ஊசியில் முடிந்துவிடும். அந்த வெங்காய எண்ணெய்க்குக் கொட்டுகிற காசில் பாதிகூட ஆகாது.

என் நெற்றியோரம் இப்போது இரண்டு சென்டிமீட்டருக்குப் புதுமுடி குத்திட்டு நிற்கிறது. சீப்புக்கு அடங்குவதில்லை. காலையில் கண்ணாடி முன் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்கே போகிறேன்.

திங்கட்கிழமை வெறும் வயிற்றோடு லேபுக்குப் போ. ரிசல்ட் வந்ததும் போன் செய், எந்த நேரமானாலும் சரி.

உன்,
மீனா