ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்குப் போவதை நிறுத்தாதே, பாப்பா

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அக்னி நட்சத்திரம் ஆரம்பித்துவிட்டது, மத்தியானத்தில் வெளியே தலைகாட்ட முடியவில்லை. அம்மாவின் கால்வலி இப்போது பரவாயில்லை, சாயங்காலம் சில்வர் பீச் வரைக்கும் வருகிறாள்.

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் முழுசாகப் பதில் சொல்வதற்குள் பிள்ளைகள் போனைப் பிடுங்கிவிட்டார்கள். அங்கே அமெரிக்காவில் வீட்டுக்குப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டிலேயே விதவிதமாக ஐஸ்கிரீம் அடுக்கியிருக்கும்போது, ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் போய் மாட்டுப் பண்ணையில் வரிசையில் நின்று சாப்பிட வேண்டுமா என்று மாப்பிள்ளை கேட்கிறார் என்றாய். அவர் கேட்பதில் தப்பில்லை. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் ஸ்டியரிங்கைப் பிடிப்பது அவர்தானே. ஆனாலும் நீங்கள் போகத்தான் வேண்டும் என்பது என் கட்சி. வேலை பார்த்த காலமெல்லாம் பால் சங்கத்தில் பாலை அளந்தும் சோதித்தும் கழித்தவன் நான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

நீ அனுப்பிய வீடியோவில் சின்னவள் கன்றுக்குட்டியின் வாயில் விரலைக் கொடுத்துவிட்டு, அது இழுத்துச் சப்பியதும் கத்தினாளே, அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பிறந்து சில நாள்தான் ஆகியிருக்கும், தொப்புள்கொடி இன்னும் காய்ந்து விழவில்லை. தாயிடமிருந்து பிரித்துக் கட்டியிருப்பதால் எது கிடைத்தாலும் காம்பு என்று நினைத்து இழுக்கிறது. நாக்கு எவ்வளவு சொரசொரப்பு என்று இப்போது அவளுக்குத் தெரிந்திருக்கும். 'இது குடிக்கிற பாலைத்தான் நாம சாப்பிடுறோமா?' என்று அவள் கேட்டதாகச் சொன்னாய். கடையில் ஃப்ரீசர் கதவைத் திறந்து டப்பாவை எடுக்கும் குழந்தைக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வரும்? நீ என்ன பதில் சொன்னாய் என்று மட்டும் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்லிவிடு. மாடு கன்று போட்டால்தான் பால். முதல் சில நாள் வரும் சீம்பால் கன்றுக்கு உயிர், அதில் கை வைக்கக் கூடாது. அப்புறம்தான் நமக்கு. அவள் வயசுக்கு இது நன்றாகவே புரியும்.

ஒரு விஷயம், மறக்காதே. கன்றைத் தொட்ட கையோடு பிள்ளைகளை ஐஸ்கிரீம் சாப்பிட விடாதே, சோப்புப் போட்டுக் கழுவச் சொல். பண்ணைப் பால் என்று சொல்லிக் காய்ச்சாத பாலை யார் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடு. காய்ச்சாத பாலால் வரும் வியாதிகள் பெரியவர்களையே படுக்க வைக்கும்.

வீடியோவில் நின்றவை பெரும்பாலும் ஹோல்ஸ்டீன், அந்தக் கறுப்பு வெள்ளை மாடுகள். வேலியோரம் மான் நிறத்தில் சின்னதாக இரண்டு நின்றனவே, அவை ஜெர்சி. ஹோல்ஸ்டீன் நிறையக் கறக்கும், ஃபேட், அதாவது பாலிலுள்ள கொழுப்பு, குறைவு. ஜெர்சி கொஞ்சமாகக் கறந்தாலும் ஃபேட் 5 சதவீதத்தை ஒட்டி வரும். ஐஸ்கிரீம் போடுகிறவர் மந்தையில் ஜெர்சி வைத்திருக்கிறார் என்றால் விஷயம் தெரிந்தவர் என்று அர்த்தம். நம்மூர்க் கொட்டகைகளில் கரும்புக் கொழுந்தாடையைக் கடித்துக்கொண்டு நிற்பதும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றை நாட்டு மாட்டோடு சேர்த்த கலப்பினம்தான். பெரியவனுக்கு இதைச் சொல், அடுத்த தடவை போகும்போது அவனே பிரித்துக் காட்டுவான்.

இந்த ஃபேட் என்பது என்ன பாடு படுத்தும் என்று உனக்குக் கொஞ்சம் தெரியும், சின்ன வயசில் சங்கத்து வாசலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். இப்போது மெஷினில் பாலை வைத்தால் ஒரு நிமிஷத்தில் ஃபேட், எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான மற்றத் திடச்சத்து) இரண்டையும் காட்டிவிடுகிறது. அப்போது கண்ணாடிக் குழாய்தான். 10 மில்லி கந்தக அமிலம், அதன் மேல் 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். ரப்பர் மூடியைத் திருகிக் குலுக்கினால் குழாய் கையில் பிடிக்க முடியாமல் கொதிக்கும். துணியில் சுற்றிப் பிடித்து, சுழலும் மெஷினில் போட்டு எடுத்தால் கொழுப்பு மட்டும் மஞ்சளாகக் கழுத்துக்கு ஏறி நிற்கும். அந்தக் கோடு எந்த எண்ணில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் காசு. பால் ஊற்றியவர் என் தோளுக்குப் பின்னால் நின்று அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். மழை பெய்து பச்சைத் தீவனம் தண்ணீராக இருந்தாலும் சரி, புண்ணாக்கு விலை ஏறித் தீனியைக் குறைத்தாலும் சரி, எல்லாம் அந்தக் கோட்டில் வந்து நிற்கும். விலை சொல்கிற இடத்தில் அவர் ஒருநாளும் இருந்ததில்லை. சங்கத்தைக் குறை சொல்லவில்லை. இரண்டு வேளையும் மறுக்காமல் பாலை வாங்கிக்கொள்ள ஓர் இடம் இருந்ததால்தான் இரண்டு மாடு வைத்திருந்த வீடுகள் பிழைத்தன. ஆனால் அந்த முகங்களை என்னால் மறக்க முடியாது.

ஆவினில் 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்துப் பசும்பாலுக்கு 38 ரூபாய் ஆனது. நீ கணக்கில் கெட்டி, போட்டுப் பார். ஐஸ்கிரீம் என்று பெயர் வைத்து விற்க வேண்டுமென்றால் அதில் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். நீ இருக்கும் நாட்டிலும் அதே 10 சதவீதம்தான். ஒரு கிலோ ஐஸ்கிரீமுக்கு 100 கிராம் கொழுப்பு. 4 சதவீத ஃபேட் உள்ள பாலில் சுமார் இரண்டரை லிட்டரின் கொழுப்பு அதற்குள் போய்விடும். அந்த விலையில் இரண்டரை லிட்டரையும் சங்கத்தில் ஊற்றினால் நூறு ரூபாய்கூட வராது. அதே பாலை மாட்டுக்காரர் ஐஸ்கிரீமாக்கித் தன் வாசலிலேயே கப்பில் போட்டுக் கொடுக்கும்போது விலையை அவரே சொல்கிறார். பாலை விற்றுக் கட்டுப்படியாகாத சின்னப் பண்ணைக்காரர் ஐஸ்கிரீம் மெஷின் வாங்கிப் போடுவது இதற்காகத்தான். உங்கள் ஊரிலும் இதுதான் கதை. 2003-ல் அமெரிக்காவில் 70,000-க்கு மேல் பால் பண்ணைகள் இருந்தன, 2023-ல் 27,000-க்கும் குறைவு. நீங்கள் வரிசையில் நின்று வாங்கும் நாலு கப், அந்த வேலிக்குள் மாடு நிற்பதற்குக் கொடுக்கும் காசு. மாப்பிள்ளைக்குப் பெட்ரோல் கணக்கு முக்கியம் என்றால் இந்தக் கணக்கையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

சாப்பிடுகிற பொருளிலும் வித்தியாசம் இருக்கிறது, இதை நீயே சோதிக்கலாம். ஐஸ்கிரீமில் காற்று ஏற்றித்தான் செய்வார்கள், ஏற்றாவிட்டால் கல்லாகிவிடும். எவ்வளவு ஏற்றுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. லிட்டருக்கு 525 கிராம் எடை இருந்தால் போதும் என்று இங்கே விதி, அதாவது டப்பாவில் பாதிக்குப் பாதி காற்று இருக்கலாம். கடை டப்பாவை ஒரு கையிலும் பண்ணையில் வாங்கியதை இன்னொரு கையிலும் வைத்துத் தூக்கிப் பார். தராசே வேண்டாம்.

இங்கே வந்தால் மூடியில் எழுதியிருப்பதையும் படித்துப் பார்த்து வாங்கு. 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று போட்டிருந்தால் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய்க் கொழுப்பு சேர்த்தது. சாப்பிடக் கூடாதது என்று சொல்லவில்லை. பால் என்று நினைத்துப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காதே, அவ்வளவுதான். 2025 செப்டம்பரில் ஐஸ்கிரீமுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது, அதிலிருந்து தெருவுக்குத் தெரு கூட்டம்தான்.

இனி நீங்கள் வரும்போது போக வேண்டிய இடம். சின்னப் பிள்ளையில் பாண்டி போனால் பாண்லே (அந்த ஊர்ப் பால் கூட்டுறவு) பூத்தில் நிற்காமல் திரும்ப மாட்டாய். அதற்கும் போகலாம், கடற்கரைச் சாலைக்கும் போகலாம். அதற்கு முன்னால் பாகூர்ப் பக்கம் உங்களை ஒரு பண்ணைக்குக் கூட்டிப்போகப் போகிறேன். பாண்டி ரோட்டை விட்டு இடதுபக்கம் திரும்பியதும் இரண்டு பக்கமும் நெல்வயல், ஏரித் தண்ணீர் பாயும் ஊர். அந்தக் குடும்பத்தில் ஏழெட்டுக் கறவை மாடு. அவர் மாட்டைப் பார்த்துக்கொள்கிறார், வீட்டம்மா கொட்டகைக்கு முன்னால் தகரக் கூரை போட்டு ஐஸ்கிரீம் போடுகிறார். போன மாதம் அம்மாவும் நானும் போனோம். முதல் நாளே பாலையும் க்ரீமையும் சர்க்கரை சேர்த்துச் சூடாக்கி, ஆற்றி, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறார். காலையில் மெஷினில் ஊற்றினால் உள்ளே கத்தி சுற்றிச் சுற்றிச் சுவரில் உறைவதை வழித்துக்கொண்டே இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்தார். புதுசாக அரைத்த இட்லி மாவு மாதிரி மடிந்து மடிந்து டப்பாவில் விழுந்தது. அந்த நேரத்தில் குளிர் மைனஸ் 5 டிகிரிதான் இருக்கும், நாக்கை மரத்துப்போக வைக்காது, பால் ருசி அப்படியே தெரியும். ஃப்ரீசரில் இறுகின பிறகு அந்த ருசி கொஞ்சம் ஒளிந்துகொள்கிறது. அதனால் மெஷின் ஓடும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், காலை பத்து மணிக்கு முன்னால். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் என் கப்பில் இரண்டு ஸ்பூன்தான் கொடுத்தேன், அதற்கே முகம் மலர்ந்துவிட்டது.

பலா சீசனில் அந்த அம்மா பலாப்பழத்திலும் போடுகிறார். பண்ருட்டிப் பழம்தான். சுளையை அரைத்து, அடுப்பில் வைத்துத் தண்ணீர் சுண்டும்வரை கிளறி, ஆறவைத்துத்தான் சேர்ப்பாராம். பழத்தின் தண்ணீர் போகாவிட்டால் ஐஸ்கிரீமில் பொடிப்பொடியாக ஐஸ் நெருடும். இப்படி ஒவ்வொன்றையும் கேட்டால் நின்று பதில் சொல்கிறார், பிள்ளைகள் கேட்டால் இன்னும் சந்தோஷப்படுவார். பெரியவனைக் கேட்கச் சொல், தமிழில் கேட்கட்டும்.

வீட்டில் செய்து பார்க்கவும் யோசித்து வைத்திருக்கிறேன். பெரிய வாளியில் ஐஸைப் போட்டு மரக்காணம் கல் உப்பைக் கொட்டி, நடுவில் பால் கலவையோடு எவர்சில்வர் தூக்கை வைத்து, ஆளுக்குக் கொஞ்ச நேரம் சுற்ற வேண்டியதுதான். உப்புப் பட்டதும் ஐஸ் கரைய ஆரம்பிக்கும், கரைவதற்கு வேண்டிய சூட்டைத் தூக்கிலிருக்கும் பாலிலிருந்து இழுத்துக்கொள்ளும், உப்புத் தண்ணீர் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். மூடியைத் திறந்து ஓரத்தில் உறைவதைக் கரண்டியால் வழித்து வழித்து விட வேண்டும். உப்பு மட்டும் உள்ளே விழுந்துவிடக் கூடாது. கை வலிக்கும். வலிக்கட்டும், மாப்பிள்ளைக்கும் ஒரு முறை கொடுப்போம்.

காரில் போகும் அந்த ஒரு மணி நேரத்தில் நாலு பேரும் பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று நீயே சொன்னாய். வீட்டில் ஆளுக்கு ஒரு அறை, ஆளுக்கு ஒரு திரை. இதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. பனிக்காலம் வந்தால் அந்தக் கடைகளில் பாதி மூடிவிடும் என்கிறாய். திறந்திருக்கும் வரைக்கும் போய் வாருங்கள்.

டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். ஜூலை கடைசிக்குள் வந்தால்தான் பலா கிடைக்கும், பண்ருட்டியில் நல்ல பழமாக ஒன்றுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பாகூரிலும் எத்தனை பேர் என்று கேட்பார்கள். வரும்போது அங்கே பண்ணையில் கொடுக்கும் காகிதக் கப் ஒன்றைக் கழுவி எடுத்து வா. அந்த வீட்டம்மா கப்புக்கு நல்ல அளவு தேடிக்கொண்டிருக்கிறார், காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா