எதுடா நைஸ்?

அன்பு முரளி,

மூன்று மாதமாக நான் எழுதவில்லை. வேலை, உடம்பு என்றெல்லாம் சாக்கு சொல்லப் போவதில்லை. கோபம்தான். நம்ம சேகரைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதி அனுப்பினேன். நீ 'நைஸ்' என்று ஒரே வார்த்தை போட்டாய். கூடவே ஒரு கட்டைவிரல்.

வீட்டில் எல்லோரும் சுகம். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

கோபத்தில் அந்த வார்த்தையின் பூர்வீகத்தைத் தோண்டினேன். லத்தீனில் 'நெஸ்கியுஸ்', ஒன்றும் அறியாதவன். பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது நைஸ் என்றால் முட்டாள்! அன்றைக்கு நம்ம பெருமாளை நைஸ் என்றிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அப்புறம் அது எதற்கெடுத்தாலும் நொட்டை சொல்கிறவனைக் குறித்தது, பிறகு நுணுக்கமானதை, துல்லியமானதை. இன்றும் 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்றால் மயிரிழை வேறுபாடுதான், 'நல்ல' வேறுபாடு இல்லை. இனிமை என்ற பொருள் ஊன்றியது 18ஆம் நூற்றாண்டில். 1817 கடைசியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' நாவலிலேயே ஹென்றி டில்னி இதைக் கிண்டலடிக்கிறான், எல்லாவற்றுக்கும் ஒட்டுகிற சொல் என்று. அன்றைக்கே தேய்ந்து போயிருக்கிறது பார்!

நம்ம 'நாற்றம்' இதற்கு நேர் எதிராகப் போனது. நறுமணமாக இருந்தது, இன்று மூக்கைப் பொத்த வைக்கிறது. ஆனால் நைஸை நாம் வாங்கிக்கொண்ட விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. 'பொடியை நைஸாக அரை' என்கிறோம், அந்தப் பழைய நுணுக்கம் அதில் அப்படியே தெரிகிறது. 'நைஸாக நழுவினான்' என்கிறோம். அது நீ.

உன்னை நன்றாகத் திட்டத்தான் உட்கார்ந்தேன். பாதியில் ஒன்று ஞாபகம் வந்து தொலைத்தது. போன வருஷம் சேகர் தான் வரைந்த படம் ஒன்றை அனுப்பினான். நானும் 'நைஸ்' என்றுதான் போட்டேன். 'எதுடா?' என்று கேட்டான். நான் பதில் போடவில்லை. என்னத்தைப் போடுவது? படத்தைப் பார்த்தால்தானே! போனில் தள்ளிவிட்டுப் போய்விட்டேன், முரளி.

நேற்று ராத்திரி பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு படகு, அதில் மூன்று பேர். துடுப்பு போடுகிறவனுக்கு என் வழுக்கை. சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு உன் மூக்கு.

படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு எழுது.

உன்,
மணி