பரணில் கிடக்கும் நீராவி ரயில் படச்சுருள்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மீட்டர் கேஜ் பாதைகளில் நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தில், சொந்தமாகக் கேமரா வைத்திருந்த சிலர் 8 மி.மீ., 16 மி.மீ. படச்சுருள்களில் அவற்றைப் பதிவு செய்தார்கள். அந்தச் சுருள்கள் இன்னும் சில வீடுகளின் பரண்களில் இருக்கின்றன. வீடு மாற்றும்போதும் இடிக்கும்போதும் முதலில் குப்பைக்குப் போவதும் அவைதாம். தயவுசெய்து போட்டுவிடாதீர்கள்.

1964 புயலோடு போன தனுஷ்கோடி ரயில் பாதையையோ, 2018-ல் முழுவதும் அகலப் பாதையாகிவிட்ட செங்கோட்டை – கொல்லம் மலைப்பாதையின் பழைய தோற்றத்தையோ இனி யாரும் படம் எடுக்க முடியாது. இன்றும் ஓடுகிற நீலகிரி ரயிலுக்கே பழைய படங்கள் தேவைப்படுகின்றன. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்ட அதன் எக்ஸ் வகை எஞ்சினில், பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். சாதாரண தண்டவாளத்தில் கீழ் சிலிண்டர் மட்டுமே இயங்கும். கல்லாறு தாண்டி, நடுவே பற்கள் வைத்த பல் தண்டவாளத்தில் ஏறியதும், கீழே வேலை முடித்த நீராவி மேல் சிலிண்டருக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். மேல் தண்டுகள் அசைகின்றனவா என்று பார்த்தே அந்தக் காட்சி பாதையின் எந்தப் பகுதியில் எடுக்கப்பட்டது என்று சொல்லிவிடலாம். படத்தில் இவ்வளவு நுணுக்கம் மிஞ்சியிருந்தால்தான் அது ஆவணம்.

டப்பாவைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் சுருளின் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது. அதிலிருந்து வெளிவரும் அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். பக்கத்துச் சுருள்களுக்கும் பரவும். 21 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்த புதிய சுருளே சுமார் 40 ஆண்டுகளில் இந்நிலைக்கு வந்துவிடும். நம்மூர் வெயிலில், மொட்டைமாடிக்குக் கீழே உள்ள பரணில் அவ்வளவு காலம்கூடத் தாங்காது. வாடை அடிப்பதைத் தனியே பிரித்து, துருப்பிடித்த தகர டப்பாவிலிருந்து காற்றுப் போகும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். அந்துருண்டை போட வேண்டாம். பூஞ்சை பிடித்திருந்தால் தண்ணீர் படவே கூடாது. படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் படலம் பூஞ்சை தின்றபின் ஈரத்தில் கரைந்து படமே துணியோடு வந்துவிடும். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய 35 மி.மீ. சுருள், எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகையாக இருக்கலாம். அது காற்றில்லாமலும் எரியும். வீட்டில் வைக்காமல், புனே தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்திடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

பழைய புரொஜெக்டரில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமே என்ற ஆசைதான் அதிகச் சேதம் செய்கிறது. சுருங்கிய சுருளின் துளைகள் பற்களோடு பொருந்தாமல் கிழியும். 16 மி.மீ. சுருளில் 100 பிரேம்களை (தனித்தனிப் படங்களை) எஃகு அளவுகோலில் வைத்து அளந்தால் 760 முதல் 762 மி.மீ. வர வேண்டும். 753 வந்தால் ஏறத்தாழ ஒரு சதவீதம் சுருங்கிவிட்டது என்று பொருள். 0.8 சதவீதம் தாண்டினாலே பல்சக்கரம் உள்ள எந்தக் கருவியிலும் ஏற்றாதீர்கள். பல் இல்லாமல் உருளைகளால் இழுக்கும் ஸ்கேனர்கள் இருக்கின்றன. அவற்றில்தான் கொடுக்க வேண்டும்.

சுவரில் ஓட்டி அதை மறுபடி வீடியோ எடுப்பது ஸ்கேன் ஆகாது. படச்சுருளின் ஒரு பிரேமுக்கு ஒரு பிரேம் என்று, குறைந்தது 2கே அளவில் (அகலத்தில் சுமார் 2,000 புள்ளிகள்), விளிம்பும் துளையும் தெரியும்படி கேளுங்கள். கோடாக் சுருளின் விளிம்பில் உள்ள வட்டம், சதுரம், முக்கோணக் குறிகள் சுருள் தயாரான ஆண்டைச் சொல்லும். அவை 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் காட்சியையும் சேர்த்துத்தான் கணிக்க வேண்டும். 100 அடி 16 மி.மீ. சுருளில் 4,000 பிரேம்கள். ஒவ்வொரு பிரேமையும் தனிப் படமாகச் சேமிக்கும் 2கே டிபிஎக்ஸ் கோப்புகளாக அது ஏறத்தாழ 51 ஜிபி ஆகும்.

ஸ்கேன் செய்பவரிடம் தானியங்கி ஒளி அளவை நிறுத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், கறுப்பு எஞ்சினிலிருந்து வெள்ளை நீராவி பீறிடும்போதெல்லாம் படம் இருண்டு வெளுக்கும். தூசி நீக்கும் மென்பொருளும் வேண்டாம். ஒரே பிரேமில் தோன்றி மறையும் கரித்துகளையும் தீப்பொறியையும் அது தூசி என்று அழித்துவிடும். வேகமாகச் சுழலும் இணைப்புத் தண்டுகளையும் சிதைக்கும். படச்சுருளுக்கே உரிய மணிமணியான துகள்களை மென்பொருளால் மழுப்பினால் மெல்லிய புகை காணாமல் போகும். செயற்கை நுண்ணறிவு பூசும் நிறம் வெறும் ஊகம். எஞ்சினின் உண்மையான வண்ணத்தைத் தேடுபவர்களை அது பல ஆண்டுகளுக்குத் தவறான வழியில் விடும். வேகமும் முக்கியம். 8 மி.மீ. பெரும்பாலும் நொடிக்கு 16 பிரேம், சூப்பர் 8 என்றால் 18. இதை 25-ல் ஓட்டினால் சரக்கு ரயில் ஒன்றரை மடங்கு வேகத்தில் பறக்கும். பிளாட்பாரத்தில் நடப்பவர்களைப் பார்த்துச் சரிசெய்யலாம்.

ஸ்கேன் முடிந்தாலும் மூலச் சுருளை எறியாதீர்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு இரட்டை ஜிப் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் 4 டிகிரியில் வைக்கலாம். வெளியே எடுத்தால் 24 மணி நேரம் கழித்தே பையைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துவிடும். எந்தப் பாதை, எந்த ஸ்டேஷன், எஞ்சின் எண், எந்த ஆண்டு என்பதைத் தனிக் காகிதத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். ஓய்வுபெற்ற டிரைவர்களும் பயர்மேன்களும் கைகாட்டி மரத்தையும் தண்ணீர்க் குழாயையும் பார்த்தே ஊரைச் சொல்வார்கள். அவர்கள் இருக்கும்போதே ஸ்கேனைக் காட்டுங்கள்.

பெரம்பூர் ஐ.சி.எஃப். அருகிலுள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கும் திருச்சி ரயில்வே அருங்காட்சியகத்துக்கும் ஒரு வேண்டுகோள். எஞ்சின்களுக்கு வண்ணம் பூசி நிறுத்துவதோடு, படச்சுருள்களைப் பெற்றுக்கொள்ள ஒரு பதிவேடும் ஒரு குளிர்பதன அலமாரியும் வையுங்கள். சுருளை நன்கொடையாகத் தராமல், ஸ்கேன் செய்துகொள்ள மட்டும் கொடுக்க விரும்பும் குடும்பங்களுக்கும் வழி இருக்கட்டும்.

இப்படிக்கு,
படச்சுருள் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
திருச்சி.