ஊ என்ற எழுத்தை நீதான் எழுதித்தர வேண்டும்

கல்லடி, மட்டக்களப்பு
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வாசித்த பிறகுதான் மனம் ஆறியது. கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் இருந்து ரேடியோ கேட்கிறா என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்படியே கண்ணில் தெரிகிறது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடு. இங்கே எல்லோரும் சுகம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது, பகலில் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. மகள் சோதனைக்குப் படிக்கிறாள், நான் அவளுக்குத் துணையாக விழித்திருந்து என் வேலையைப் பார்க்கிறேன்.

நான் செய்கிற கொம்பியூட்டர் கேம் எந்த அளவில் நிற்கிறது என்று கேட்டிருந்தாய். வேலை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஒரு பெண்பிள்ளை இரவில் தோணியில் போய், வாவித் தண்ணீருக்குள் இருந்து வருகிற பாட்டுப் போன்ற சத்தத்தைக் கேட்டுக் கேட்டு வழி கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. பேர் 'ஊரி'. எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி 19ஆம் நூற்றாண்டில் நம்முடைய வாவிக்கு வந்து அந்தச் சத்தத்தைக் கேட்டபோது, மீனவர்கள் அவருக்கு ஊரி என்கிற சின்னச் சங்குப் பூச்சியைத்தான் காட்டினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். மீன் பாடும் தேன்நாடு என்று சொல்லி நகரத்தில் கடற்கன்னிச் சிலை வைத்தாலும், பழைய ஆட்கள் சொன்னது ஊரியைத்தான். அதனால் அந்தப் பேரை விட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது என்னைப் பிடித்து வைத்திருப்பது கடையில் வைக்கும் படம். ஸ்டீம் என்கிற ஒன்லைன் கேம் கடையில் ஒரு கேமைப் போட 100 டொலர் கட்டினால் போதும். அதற்குப் பிறகு உன் கேமை யாராவது திறந்து பார்ப்பார்களா என்பதை அந்தச் சின்னப் படம்தான் முடிவு செய்கிறது. ஒரே கேமுக்குப் பல அளவில் படம் கேட்கிறார்கள். நெடுக்காக ஒன்று, குத்தாக ஒன்று, முன்பக்கத்துக்குப் பெரிதாக ஒன்று. எல்லாவற்றிலும் சிறியது 462-க்கு 174 பிக்சல். அதையும் அவர்கள் தாங்களாகவே 120-க்கு 45 வரை சுருக்கிச் சில இடங்களில் காட்டுகிறார்கள். ஒரு முத்திரையைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் வரும் துண்டு என்று வைத்துக்கொள்.

இது தெரிந்திருந்தும் முதல் படத்தை மூன்று கிழமை இருந்து வரைந்தேன். பூரண நிலா, கல்லடிப் பழைய பாலம், பாலமீன்மடு வெளிச்சவீடு, தண்ணீருக்குள் கடற்கன்னி, மீன் கூட்டம், நடுவில் தோணியும் பிள்ளையும். பெரிய திரையில் வடிவாகத்தான் இருந்தது. பிறகு ஸ்டீமின் தேடல் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, அதற்குள் மற்றவர்களின் படங்களுக்கு நடுவில் என்னுடையதை ஒட்டிப் பார்த்தேன். என் கண்ணே அதைத் தாண்டிப் போனது, மச்சான். மூன்றாம் தரம் தேடித்தான் பிடித்தேன். ஸ்டீம் பக்கத்தின் நிறமே கரு நீலம், என் படமும் இரவு நீலம். ஓரம் எங்கே முடிகிறது, பக்கம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பாலம் ஒரு கறுப்புக் கோடு, மீன்கள் தூசி, பிள்ளை ஒரு புள்ளி.

அன்று இரவு உன்னைத்தான் நினைத்தேன். கல்முனை மெயின் ரோட்டில் புடவைக் கடைக்கு நீ போர்ட் எழுதிய நாள் ஞாபகம் இருக்கிறதா? நான் பெயின்ற் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ பாதியில் இறங்கி, என்னையும் இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று பார்த்தாய். "முதலாளி ஏணிக்குக் கீழே நின்று பார்ப்பார், சனம் இங்கே நின்றுதான் பார்க்கும்" என்று சொன்னாய். பிறகு திரும்பப் போய், ஓரத்தில் போட்ட பூ வேலை முழுவதையும் அழித்தாய். முதலாளிக்கு முகம் சுருங்கினதும் நினைவிருக்கிறது. நான் மூன்று கிழமையாக ஏணிக்குக் கீழேதான் நின்றிருக்கிறேன்.

பிறகு என்ன செய்தேன் என்று சொல்கிறேன். போன பூரணைக்கு, நாவலடியில் தெரிந்த ஒரு அண்ணனின் தோணியில் மகளையும் கூட்டிக்கொண்டு வாவிக்குள் போனேன். காற்று விழுந்து தண்ணீர் கண்ணாடி போல் கிடந்தது. அவர் துடுப்பைச் சரித்துத் தண்ணீருக்குள் விட்டு, மேல் நுனியில் காதை வைக்கச் சொன்னார். நான் முதலில் கேட்டேன். ஈர மரம் காதில் குளிர்ந்தது. பிறகு உள்ளே இருந்து ஒரு நீண்ட இழுவை, தம்புராவின் ஒற்றை நரம்பைத் தொட்டுவிட்டு விட்டது போல. மகள் கேட்கிற முறை வந்தது. அவள் குனிந்து, துடுப்பை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, கன்னத்தை அதில் சாய்த்தாள். காலடியில் இருந்த விளக்கின் வெளிச்சம் கீழிருந்து அவள் தாடையிலும் கன்னத்திலும் பட்டது. துடுப்பு ஒரு சரிந்த கோடு, அதன் ஒரு முனையில் தண்ணீர், மறு முனையில் முகம். சத்தத்தைப் படத்தில் எப்படி வரைவது என்று இவ்வளவு காலமும் தவித்தேன். கேட்கிற ஆளை வரைந்தால் போதும் என்பது அங்கேதான் பிடிபட்டது.

இப்போது படத்தில் அவ்வளவுதான் இருக்கிறது. ஒரு முகம், ஒரு துடுப்பு, கொஞ்சம் தண்ணீர். பின்னால் கரும்பச்சை, முகத்தில் விளக்கின் மஞ்சள். நிறத்தை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் சாம்பலாக்கிப் பார்த்தேன், அப்போதும் முகம் தனியாக நின்றது. கூத்துக் களரியில் கடைசி வரிசையில் இருக்கிற எங்களுக்கு முகம் தெரியாவிட்டாலும், இடுப்பில் விரிந்து நிற்கிற கரப்புடுப்பையும் தலைக் கிரீடத்தையும் பார்த்தே ராசா வருகிறார் என்று சொல்லிவிடுவோமே, அது போல உருவத்தின் வெளிக்கோடு மட்டும் ஆளைச் சொல்ல வேண்டும்.

பாலத்தை எடுக்கத்தான் நெஞ்சு வலித்தது. 1924ஆம் ஆண்டுப் பாலம், அதில் நின்று தூண்டில் போட்டுத்தானே வளர்ந்தோம். ஆனால் பிரேசிலில் இருந்து பார்க்கிறவனுக்கு அது வெறும் இரும்புச் சட்டம். அதை வேறு இடத்தில் வைத்துவிட்டேன். கேமை வாங்கியவர்களின் லைப்ரரியில் மேலே அகலமாக ஒரு படம் வரும், 3840-க்கு 1240, அதில் எழுத்தே இருக்கக் கூடாது. பாலமும் வெளிச்சவீடும் நிலாவும் அங்கே தாராளமாக நிற்கின்றன. வாங்கியவன் ஆறுதலாகப் பார்ப்பான்.

ஒரு விஷயம் நான் எதிர்பார்க்கவில்லை. பக்கத்து டியூஷன் பிள்ளைகளிடம் போனில் படத்தை ஒரு கணம் காட்டி, உடனே திருப்பிவிட்டு, என்ன கண்டாய் என்று கேட்டேன். இரண்டு பேர் பேய்க் கேம் என்றார்கள். இரவுத் தண்ணீர், கீழிருந்து வெளிச்சம், அகல விரித்த கண், வேறு என்ன நினைப்பார்கள்? பேய் தேடி வருகிறவன் என் கேமை வாங்கினால் அரை மணித்தியாலத்தில் காசைத் திருப்பிக் கேட்பான், அமைதியான விளையாட்டைத் தேடுகிறவனோ கிட்டவே வரமாட்டான். அதனால் கண்களை மூடி வரைந்தேன், புருவத்தைத் தளர்த்தினேன், வெளிச்சத்தைக் கொஞ்சம் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்தேன். அடுத்த நாள் வேறு பிள்ளைகளிடம் காட்டினேன். ஒருத்தி "அவ என்ன கேக்கிறா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். இரண்டு இமையை மூடியதில் இவ்வளவு மாறும் என்று நான் நினைக்கவே இல்லை.

அப்புறம் எழுத்து. இங்கே சிலர், விருது முத்திரை போடு, 'புதியது' என்று போடு என்கிறார்கள். ஸ்டீமில் அது நடக்காது. 2022 செப்டம்பர் 1 முதல் அந்தப் படங்களில் கேமின் பேரும் உபதலைப்பும் தவிர வேறு எழுத்து வைக்க விடுவதில்லை, விமர்சனப் புள்ளியும் கூடாது, தள்ளுபடியும் கூடாது. எனக்கு அது சந்தோஷம். மிகச் சிறிய படத்தில் பேர்தான் கிட்டத்தட்ட முழு இடத்தையும் நிரப்ப வேண்டும் என்றும் அவர்களே சொல்கிறார்கள். அதனால் அங்கே முகத்தை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, ஆங்கிலத்தில் நாலே எழுத்தாகப் பேரைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். வட்டமான எழுத்துகள், சுருங்கினாலும் நிற்கின்றன.

கேம் போடுகிற இன்னொரு இடமான இட்ச் தளத்தில் மட்டும் தமிழில்தான் பேர் வர வேண்டும் என்பது என் பிடிவாதம். அங்கே படம் 630-க்கு 500, பட்டியலில் பாதியாகச் சுருங்கும். இடம் தாராளம். ஆனால் ஊ சரிவரவே இல்லை, மச்சான். கொம்பியூட்டரில் இருக்கிற எழுத்துருக்கள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன். சுருக்கினால் உ-வுக்குள் இருக்கிற அந்தச் சின்ன ள அப்படியே அடைத்துக்கொள்கிறது, வெறும் கறுப்புக் கட்டியாகிவிடுகிறது. தடிப்பைக் குறைத்தால் எழுத்தே காணாமல் போகிறது. நீ போர்டில் எழுதும்போது சுழியைப் பெரிதாகத் திறந்து விடுவாய், உள் எழுத்தைக் கொஞ்சம் மேலே தூக்குவாய். அந்தக் கை இந்த எழுத்துருக்களில் இல்லை.

எனக்காக 'ஊரி' என்று மூன்று நாலு விதமாகப் பிரஷ்ஷால் எழுதித் தா. ஒரு எழுத்தில் மட்டும் வால் நீண்டு துடுப்பு மாதிரிச் சரியட்டும், எந்த எழுத்து என்பதை நீயே தீர்மானி. வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் எழுதி, பகல் வெளிச்சத்தில் நேராகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. காசு வாங்க மாட்டேன் என்று சொல்லாதே, கேமில் உன் பேரும் வரும், கூலியும் வரும்.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கம் வருவாய்தானே? அம்மாவுக்கு டொக்டர் பயணம் போகலாம் என்றால் அவவையும் கூட்டிக்கொண்டு வா. வீட்டில் தங்கலாம். இரவில் வாவிக்குப் போவோம், தோணிக்கு அண்ணனிடம் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

உன் கூட்டாளி