பிக்கப்பிலிருந்து மின்காருக்கு சார்ஜ்

ஆசிரியருக்கு,

நடுவழியில் சார்ஜ் தீர்ந்த மின்காருக்கு ஹைப்ரிட் பிக்கப்பிலிருந்து (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும், பின்னால் திறந்த சரக்குத் தளம் உள்ள வண்டி) கரண்ட் கொடுக்கலாமா என்று இங்கே அமெரிக்காவில் பலரும் கேட்கிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். 2021இல் வந்த ஃபோர்டு எஃப்-150 பவர்பூஸ்ட் என்ற ஹைப்ரிட் பிக்கப்பில் கூடுதல் பணம் கட்டினால் 7.2 கிலோவாட் ஜெனரேட்டர் வசதி கிடைக்கும், பின்பக்கச் சரக்குத் தளத்திலேயே 240 வோல்ட், 30 ஆம்பியர் பிளக் இருக்கும். அந்த பிப்ரவரியில் டெக்சாஸ் பனியில் உறைந்து இருண்டு கிடந்தபோது பல வீடுகளுக்கு விளக்கெரித்ததும் இந்த வண்டிகள்தான்.

ஆனால் பெட்ரோல் கணக்கைப் பாருங்கள். முழு சுமையில் ஒரு டேங்க் 32 மணி நேரம் வரும் என்கிறது கம்பெனி. டேங்க் 30 கேலன் சொச்சம், அப்படியானால் ஒரு கேலனுக்கு ஏழரை யூனிட், நல்ல மின்கார் அதில் 25 மைல் ஓடும். அந்த பிக்கப்பே ஒரு கேலனுக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் ஓடுகிறது! சார்ஜ் ஏறும்போது வீணாவதைக் கழித்தால் அதுவும் குறையும். சரி, தினமும் செய்கிற வேலையா இது, ஆபத்துக்குத்தானே.

அப்புறம், 30 ஆம்பியர் பிளக்தானே என்று முழுசாக இழுக்காதீர்கள். தொடர்ந்து மணிக்கணக்கில் ஓட வேண்டுமென்றால் சார்ஜரை 24 ஆம்பியரில் வையுங்கள். ஒரு மணி நேரம் பொறுத்தால் பதினைந்து இருபது மைல் தேறும், பக்கத்து சார்ஜிங் நிலையத்துக்குப் போய்ச் சேர அது போதும்.

– ஒரு வாசகர், டெக்சாஸ்