டர்போ கார் வைத்திருக்கும் நம் வாடிக்கையாளர்களுக்கு: நட்டு, வாஷர், கிளிப் பற்றி ஒரு மடல்

திருவொற்றியூர் நெடுஞ்சாலை, தண்டையார்பேட்டை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

டர்போ (இன்ஜின் புகையின் விசையில் சுழன்று, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்பும் கருவி) உள்ள வண்டிகளுக்கு வேலை முடிந்து பில்லைக் கையில் வாங்கும்போது இரண்டு கேள்விகள் அடிக்கடி வருகின்றன. "நட்டு, வாஷர், கிளிப் என்று தனியாக ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, பழையதே நன்றாகத்தானே இருந்தது?" என்பது ஒன்று. "வேலை சாயங்காலமே முடிந்துவிட்டதாமே, வண்டியை ஏன் மறுநாள் காலையில் தருகிறீர்கள்?" என்பது இன்னொன்று. கேட்பது நியாயம்தான். ஷெட்டில் நின்றபடி இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன் எண்ணூரிலிருந்து ஒரு டீசல் கார் ஏர் ஃபில்டர் மாற்ற வந்தது. சின்ன வேலை. ஃபில்டர் பெட்டியின் போல்ட் ஒன்று கைதவறி விழுந்தது. தேடினோம், கிடைக்கவில்லை. கீழே எங்காவது போயிருக்கும் என்று வேறொன்றைப் போட்டு முடுக்கி அனுப்பிவிட்டோம். அது ஏர் குழாயின் மடிப்புக்குள் கிடந்திருக்கிறது. மூன்றாம் நாள் மணலி சாலையில் வண்டி கிறீச்சிட்டு, கரும்புகை கக்கி, இழுவை இல்லாமல் நின்றது. டர்போவைக் கழற்றினால், காற்றை அழுத்தும் சக்கரத்தின் இதழ்கள் எலி கடித்தது போல இருந்தன. உடைந்த அலுமினியத் துண்டுகள், அழுத்திய காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலரில் சிக்கியதால் இன்ஜின் பிழைத்தது. செலவு முழுவதும் எங்களுடையது. ஆனால் பதினோரு நாள் அவர் பஸ்ஸில் வேலைக்குப் போனாரே, அதை எந்தப் பணத்தாலும் ஈடுகட்ட முடியவில்லை.

ஒரு சின்ன போல்ட் எப்படி இவ்வளவு செய்தது? சிறிய கார்களின் டர்போ முழு வேகத்தில் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். நொடிக்கு 3,300 தடவைக்கும் அதிகம். அந்த வேகத்தில் ஒரு வாஷர் பட்டாலும் இதழ் தாங்காது. டர்போ இல்லாத வண்டியில் காற்றுக் குழாயை இறுக்கும் கிளிப் கொஞ்சம் லூசாக இருந்தால் பல சமயம் சத்தத்தோடு போய்விடும். டர்போவில் அப்படி விட முடியாது.

வடசென்னையில் ஓடும் வண்டிக்கு இதில் கூடுதல் பாதிப்பு. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருக்கும் குழாயில் காற்று உறிஞ்சப்படுகிறது. அங்கே கிளிப் தளர்ந்தால், ஃபில்டரைத் தொடாத காற்று நேராக உள்ளே போகும். நம் சாலைகளில் அந்தக் காற்றில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்: கன்டெய்னர் லாரி கிளப்பும் மண், எண்ணூர்ப் பக்கம் நிலக்கரித் தூள், அனல்மின் நிலையச் சாம்பல். அந்தச் சாம்பலில் சிலிக்கா உண்டு. உப்புக்காகிதம் போலத் தேய்க்கும். டர்போ இதழின் விளிம்பும் பிஸ்டன் ரிங்கும் சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டே வரும்.

டர்போவுக்கு அப்புறம் வரும் குழாயில் நிலைமை நேர்மாறு. அங்கே காற்று அழுத்தத்தோடு வெளியே தள்ளும். கிளிப் தளர்ந்தால் காற்று கசியும், பிக்கப் குறையும், டீசலில் கரும்புகை வரும். அந்த இழப்பை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று தன் ஆயுளைக் குறைத்துக்கொள்ளும். "புகைதானே" என்று மாதக்கணக்கில் ஓட்ட வேண்டாம்.

இனி பில்லில் வரும் அந்த வரி. டர்போவை மேனிஃபோல்டோடு (இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே விடும் குழாயோடு) பிடித்திருக்கும் ஸ்டட்டும் (தலையில்லாத போல்ட்டும்) நட்டும் படும் பாடு வேறு எந்த போல்ட்டுக்கும் இல்லை. பெட்ரோல் டர்போவுக்குள் நுழையும் புகையின் சூடு 900 டிகிரியைத் தாண்டும். வண்டி ஓடும்போது இரும்பு விரியும், நின்றதும் சுருங்கும். ஒவ்வொரு முறையும் இரண்டு முகங்களும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை அளவு நகரப் பார்க்கும். இப்படிப் பக்கவாட்டில் நகர்ந்தால் நட்டு தானாகவே கழன்று வரும் என்பதை கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1969-இல் சோதனை செய்து காட்டினார். ஸ்பிரிங் வாஷர் போட்டாலும் அதைத் தடுக்க முடியாது. நகரவே விடாத அளவுக்கு இழுத்துப் பிடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பிடிதான் துருப்பிடித்த நட்டில் கிடைக்காது. குறித்த அளவு முடுக்கியதும் 'டிக்' என்று சொல்லும் டார்க் ரெஞ்சில் நாம் கொடுக்கும் விசையில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கப் போகிறது. மீதி தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்விலேயே தீர்ந்துவிடும். காசிமேட்டு உப்புக் காற்றில் மரை துருவேறியிருந்தால் உராய்வு இன்னும் கூடும். ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லும், உள்ளே பிடி இருக்காது. நாங்களும் நம்புவோம், நீங்களும் நம்புவீர்கள். அதனால்தான் அந்த இடத்தில் பழைய நட்டைத் திரும்பப் போடுவதில்லை. நைலான் வளையம் வைத்த நட்டையும் அங்கே போடமாட்டோம். 120 டிகிரிக்கு மேல் அதன் பிடி போய்விடும். முழு உலோக லாக் நட்டுதான் போடுகிறோம், விலை கொஞ்சம் கூடத்தான்.

காப்பர் வாஷரும் அப்படித்தான். டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் குழாயின் போல்ட்டில் இருபுறமும் அது இருக்கும். ஒருமுறை அழுந்திய செம்பு இறுகிவிடும், மறுபடி படிந்து அடைக்காது. அங்கே கசியும் ஆயில் சுடச்சுட இருக்கும் டர்போ மேல் சொட்டினால் தீப்பிடிக்கலாம். டர்போவின் தண்டு ஆயில் படலத்தில் மிதந்தபடிதான் சுழல்கிறது. ஆயில் குறைந்தால் அதுவும் சீக்கிரம் போய்விடும். சில ரூபாய் வாஷரில் சேமிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

மறுநாள் காலை வரை வண்டியை நிறுத்துவதற்கும் காரணம் இந்தச் சூடுதான். இரண்டு உலோக முகங்களுக்கு நடுவில் கசிவைத் தடுக்க வைக்கும் புது காஸ்கட் முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கும். அதனால் வேலை முடிந்ததும் இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் ஒவ்வொன்றையும் சரிபார்க்கிறோம். கம்பெனி கையேடு மறுபடி முடுக்கக் கூடாது என்று சொல்லும் போல்ட்டுகளைத் தொடமாட்டோம். சரிபார்த்ததன் அடையாளமாக நட்டின் மேலும் பக்கத்து உலோகத்தின் மேலும் சேர்த்து ஒரு மஞ்சள் கோடு போடுகிறோம். பானெட்டைத் திறந்து நீங்களே பார்க்கலாம். கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை. முறிந்து விலகியிருந்தால் எங்களிடம் வாருங்கள்.

அந்த எண்ணூர் வண்டிக்குப் பிறகு ஷெட்டில் சில பழக்கங்களை மாற்றினோம். கழற்றும் போல்ட்டெல்லாம் எண்ணித் தட்டில் வைக்கிறோம். ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கும்வரை சாவியைத் திருப்புவதில்லை. தேவைப்பட்டால் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கிறோம். அலுமினியத் துண்டு காந்தத்தில் ஒட்டாது, அதனால் காந்தத்தை மட்டும் நம்புவதில்லை. திறந்திருக்கும் குழாய் வாயில் பனியன் வேஸ்ட் திணிப்பதையும் விட்டுவிட்டோம், அதையே மறந்துவிட்டால் அதுவும் உள்ளே போகும். இப்போது எண் போட்ட மூடிகள்தான்.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் 'டிக் டிக்' சத்தம் வந்து, சூடானதும் அடங்கினால், அதைச் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் மேனிஃபோல்ட் ஸ்டட் தளர்ந்தோ உடைந்தோ இருக்கும். புதிதாக விசில் சத்தம், திடீர்க் கரும்புகை, டர்போ பக்கம் ஆயில் ஈரம், கருகிய ஆயில் வாசனை, இவற்றில் எது வந்தாலும் போன் செய்யுங்கள். கிளிப்பை நீங்களே பலம்கொண்ட மட்டும் திருக வேண்டாம், அது ரப்பர் குழாயை அறுத்துவிடும். வேறு எங்காவது வேலை பார்க்கும்போது ஏதாவது விழுந்து கிடைக்கவில்லை என்றால், யார் அவசரப்படுத்தினாலும் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். இழுத்துக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை.

டர்போ, இன்டர்கூலர், மேனிஃபோல்ட் வேலை செய்த எந்த வண்டியும் 500 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை இங்கே வர வேண்டும். இருபது நிமிடச் சோதனை, கட்டணம் கிடையாது. இன்ஜின் ஆறியிருந்தால்தான் பார்க்க முடியும். அதனால் முந்தின இரவே வண்டியை விட்டுச் சென்றாலும் சரி, காலையில் வந்து இங்கேயே ஆறும்வரை நிறுத்தினாலும் சரி.

அன்புடன்,
ஷெட் பொறுப்பாளரும் மெக்கானிக்குகளும்